இடப்பக்க வால்வு

"வலது தோள் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது சகலை. என் முங்குற கருவியோட காத்து வால்வை இடப்பக்கம் மாத்திக் குடுங்களேன்."

பட்டறைக்காரருக்குச் சகலையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை வருஷமாக இரண்டு சகலைகளும் ஜோடியாகத்தான் கடலில் முங்குவார்கள். கீழே ஒருவர் மயங்கினால், மற்றவர் கலங்கல் தண்ணீரில் தடவியே அவருடைய சுவாசக் கருவிக்குள் காற்றை ஏற்றியாக வேண்டும். அதனால் ஜோடிக்கு வால்வு ஒரே பக்கம்தான்.

பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இருப்பதிலேயே உசத்தியான வால்வாகப் பொறுக்கி இடப்பக்கம் மாட்டினார். கையோடு தன் கருவியிலும் மாற்றிக்கொண்டார். இடது கையால் அழுத்திப் பழகுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

சனிக்கிழமை ஒரு பல் டாக்டர் வந்தார்.

"உங்க சகலை கருவியை வாங்கிட்டு வரச் சொன்னார். நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் முங்கறோம்."

"நீங்களா?"

"ஆமா சார். எனக்கு இடது கைப் பழக்கம். எனக்காகவே வால்வைப் பக்கம் மாத்தியிருக்கார். தங்கமான மனுஷன்!"



டாக்டர் பட்டறைக்காரரின் வலது தோளைப் பரிவோடு தொட்டார்.

"வலி எப்படி சார் இருக்கு? இனிமே நீங்க தண்ணியிலயே இறங்க முடியாதுன்னு சொல்லி ரொம்ப வருத்தப்பட்டார்."