பழைய கழுத்துப்பட்டை

பட்டிப் பொங்கலன்று ஆடுகளின் பழைய கழுத்துப்பட்டைகளைக் கழற்றிவிட்டுப் புதியவை கட்டுவது அந்தத் தோட்டத்து வழக்கம். நல்லசிவம் கழற்றிப் போட்டவற்றில் ஒன்றை அவருடைய மகள் நிலானி மாலையாக மாட்டிக்கொண்டாள். தேனீக்களுக்கு ஆட்டைக் காட்டிக்கொடுக்கும் அதன் மின்சில்லு இன்னும் அணையவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை.

வெள்வேலங்கன்றுகள் நட்டிருந்த பக்கம் அவள் ஓடியபோதுதான் தேன்பெட்டிகளில் இரைச்சல் எழுந்தது. அந்த மரக்கன்றுகளை ஆடுகள் மேய்ந்துவிடாமல் காப்பது தேனீக்களின் வேலை. பட்டை கட்டிய எதையும் அவை கிட்டே விடா. போன மாதம் ஒரு கிடா அங்கேயே செத்து விழுந்தது.

"பாப்பா, ஓடியா இங்க!" என்று கத்தினார் நல்லசிவம்.

"ஐயோ, ஓடுனா கொட்டுமுங்க!" என்று மரகதம் கணவரின் வாயைப் பொத்தினாள்.

படுத்துவிட்ட ஆட்டைத் தேனீக்கள் கொட்டுவதில்லை. ஆனால் தேன்பெட்டியின் மணி அடிக்கும்வரை அது எழக்கூடாது.

"கண்ணு, நம்ம வெள்ளச்சியாட்டம் படுத்துக்க! தலைய மண்ணுல வெய்யி!" என்று கூவினாள் மரகதம்.

நிலானி படுத்தாள். தேனீக்கள் அவள் முதுகு முழுக்க அப்பிக்கொண்டு ஊர்ந்தன. கழுத்தில் வெகுநேரம் தங்கின. பிறகு கூட்டமாகத் திரும்பிப் போயின.

"போயிருச்சு சாமி, எந்திரி" என்றாள் மரகதம்.

அவள் அசையவில்லை. மரகதம் மறுபடி கூப்பிட்டாள். அப்புறம்தான் மெல்லிய குரல் கேட்டது.

"இன்னும் மணி அடிக்கலையேம்மா. நீயும் எந்திரிக்காத."

அப்போதுதான் மரகதம் கவனித்தாள். வேலியோரத்தில் தானும் கணவரும் மண்ணில் தலை வைத்துப் படுத்திருந்தார்கள். எழுந்துகொள்ள இருவருக்குமே துணிச்சல் வரவில்லை.