முதலில் யானை

"மொதல்ல யானைய வெளிய எறக்கிரு, ராமு. பொறவு எவன் வந்தாலும் பாத்துக்கிடலாம்."

கட்டஞ்சாயாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சின்னமுத்து ஃபேக்டரி ஜீப்பில் தொற்றிக்கொண்டான். அன்று சாயங்காலம் அந்த ஜீப் வளைவில் உருண்டது. தங்கை ராமுத்தாயிடம் அவனைக் கம்பளியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள்.

ஐந்து மாதம் கழித்து, பாலக்காட்டில் இளையோர் சதுரங்கத்தின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் திருவனந்தபுரத்தில் மாநிலப் போட்டி. தோற்றால் திங்கட்கிழமை முதல் அவள் மூணாறில் கொழுந்து கிள்ளப் போகவேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

கூட வந்த கத்தரீனாள் டீச்சர் வாசலில் கெஞ்சிப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஒருநா மட்டும் அந்த யானை ஆட்டம் வேணாம் பிள்ள."

ராமுத்தாய் மூலைக் காலாளை இரண்டு கட்டம் தள்ளினாள். அடுத்து, அதன் பின்னால் நின்ற யானையை மேலே ஏற்றினாள். கூட்டம் சிரித்தது. எதிரே கல்பாத்தி அனந்தநாராயணன். மூன்று வருடமாகத் தோற்காதவன். குறுக்கே ஓடும் தன் காயால் அந்த யானையை வெட்டினான். அவள் குதிரை அந்தக் காயைத் தின்றது.

அதன்பிறகு ஒற்றை யானையோடுதான் பிறந்தவள்போல ஆடினாள். முப்பதாவது நகர்த்தலில் நடுவர் நாற்காலியை விட்டு எழுந்துவந்து நின்றார். இரண்டு குதிரைகளுக்கு நடுவில் அனந்தநாராயணனின் ராஜாவுக்கு நகர இடமில்லை.

அவன் கைகொடுக்க மறந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யானையைப் பலிகுடுத்து ஒரு தொடக்கம். இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

அவள் நோட்டுக்குள்ளிருந்து மலையாளப் பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். அண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். அதைப் படித்துக்கொண்டே வந்த அனந்தநாராயணனின் விரல் ஒரு சொல்லில் நின்றது. தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"இதுல போட்டிருக்கற ஆனை நம்ம யானை இல்லை. மலையாளத்துல ஆனைன்னா குறுக்கே போற காயாக்கும். மூலையில நிக்கறதுக்குத் தேருன்னு பேரு."

"தெரியும்." ராமுத்தாய் துண்டை வாங்கி மடித்தாள். "பள்ளிக்கூடத்துல மலையாளம் சார் அன்னிக்குத்தான் சொன்னாரு. சாயந்தரம் ஜீப் வந்ததும் அண்ணங்கிட்ட சொல்லிச் சிரிக்கணும்னு ஓடியாந்தேன்."

திருவனந்தபுரத்திலும் முதலில் வெளியே வந்தது யானைதான்.