மலிவான டீகோடர்

ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டே அவர் என்னவோ சொன்னார். நான் அதை அவர் வாயிலிருந்து உருவி மேசைமேல் வைத்தேன்.

“இப்பச் சொல்லுங்க.”

“ஆரஞ்சு, சாம்பல் ரெண்டும் மோட்டாருக்கு. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு. மாத்தி வெச்சா பொசுங்கிடும்னேன். பிடுங்கிக் கேக்கற அளவுக்கு ராஜ ரகசியம் ஒண்ணும் இல்ல.”

விரல் நீளமே உள்ள ரயில் எஞ்சின் அவர் உள்ளங்கையில் மல்லாந்து கிடந்தது. அதன் வயிற்றுக்குள் ஒரு டீகோடரைத் திணித்துக்கொண்டிருந்தார். நகத்தளவு சிப், அது உள்ளே இருந்தால்தான், ஒரே தண்டவாளத்தில் நிற்கும் பல எஞ்சின்களில் வேண்டியதை மட்டும் கையிலிருக்கும் பெட்டியால் ஓட்ட முடியும். மலிவு ரகத்தைத்தான் வாங்குவார், ஆனால் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் பொறுக்கி எடுப்பார். மெதுவாக ஊரும்போது திணறினால் அந்த டீகோடர் வீட்டுக்குள் வராது.

“இதுவும் மலிவு ரகம்தானா?”

“வண்டி நகருது, விளக்கு எரியுது. வேற என்ன வேணும்?”

“எல்லாரும் விசில் அடிக்கிறதா வாங்குறாங்க. உங்க கஞ்சத்தனத்துக்கு ஒரு அளவே இல்லையா?”

“உங்கப்பா நாலு இடத்துல விசாரிச்சுட்டுத்தானே பொண்ணு குடுத்தாரு. அப்பவே யாராச்சும் சொல்லியிருப்பாங்களே.”

சிரித்தார். ஈயக்கம்பி தீர்ந்துவிட்டது, வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

எதிர்வீட்டுப் பெண் உள்ளே வந்து என் தோளைத் தொட்டபோது, அவர் சிதறவிட்டிருந்த கம்பித் துணுக்குகளைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் விழுந்தவரை அதற்குள் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சில வாரங்கள் கழித்து மாடல் ரயில் சங்கத்தின் செயலாளர் செய்தி அனுப்பினார். வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவர் நினைவாக அவருடைய எஞ்சினை ஓட்டப் போகிறார்களாம். நான் அவசியம் வர வேண்டுமாம்.

படித்ததும் போன வருடக் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. இவர் எஞ்சின் வளைவில் திரும்பியபோது யாரோ ஏதோ சொல்ல, சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னவென்று கேட்டேன்.

“சத்தமில்லாம வர்றது பேயும் என் வண்டியும்தானாம்,” என்றார். அவரும் சேர்ந்துதான் சிரித்திருந்தார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் சிரிக்கக் கூடாது. எஞ்சினைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, அவர் வாடிக்கையாகப் போகும் கடையை விசாரித்துப் போனேன். அதுவரை அந்தப் பக்கம் நான் போனதில்லை.

கைக்குட்டையைப் பிரித்ததுமே கடைக்காரருக்கு எஞ்சின் அடையாளம் தெரிந்துவிட்டது. “சார் வண்டியாச்சே இது. சார் வரலையா?”

சொன்னேன். கையில் இருந்ததை அவர் மெதுவாகக் கீழே வைத்தார்.

“நீங்க அவர் வீட்டம்மாவா?” என்றார். கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, ஒரு ஸ்டூலை இழுத்து எனக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“இதுக்குச் சத்தம் வர்ற டீகோடரா ஒண்ணு மாட்டிக் குடுங்க. விசில் எல்லாருக்கும் நல்லாக் கேக்கணும். விலை என்னவானாலும் பரவாயில்ல. அவர் மலிவு பார்த்தது போதும்.”

“சார் மலிவு பார்க்கற ஆள் இல்லம்மா.”

“என்கிட்டயா சொல்றீங்க? வீட்டுல இருக்கற அத்தனை வண்டியும் வாயில்லாப் பூச்சி.”

“சத்தம் வர்றதை ஒரு தடவை வாங்கினாரு. இத்தனூண்டு வண்டில ஸ்பீக்கருக்கு இடம் இல்லாம, அடியில இருந்த இரும்பை ராவி நானே மாட்டிக் குடுத்தேன். மறுவாரமே கொண்டாந்து, இதைக் கழட்டிட்டு மலிவா ஒண்ணு போடுன்னாரு. மீதிப் பணத்தை நீட்டினேன். வாங்கிக்கவே இல்ல.”

இது எனக்குப் புதிது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கெட்டுப் போயிருந்துதா?”

“நானே மாட்டினது, கெட்டுப் போகுமா? நிஜ எஞ்சின் தோத்துடும், அப்படி ஒரு விசில்.”

“அப்புறம் ஏன்?”

கடைக்காரர் எஞ்சினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவசரப்படாமல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

“வீட்டுல கொண்டு போய் ஓட்டினாராம். விசில் அடிச்சதும் சந்தோஷம் தாங்காம உங்களைத் திரும்பிப் பார்த்தாராம். நீங்க பக்கத்துலயே உக்காந்து துணி மடிச்சுக்கிட்டு இருந்தீங்களாம். தலை நிமிரலையாம்.”

“அதுக்காகவா?”

“‘அவளுக்குக் காது கேக்காதுப்பா, அவளுக்கு இல்லாத விசில் எனக்கு மட்டும் எதுக்கு’ன்னாரும்மா.”