காணாமல் போன மேடு

அக்கா வீட்டுக் கூடத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. தம்பியின் மடிக்கணினியோ, அந்த இடம் சாலையைவிட எட்டு மீட்டர் உயரம் என்று சாதித்தது.

நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் போடுபவன் அவன். உயரத்துக்கு ஒரு படம், மண்ணுக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று என்று கண்ணாடித் தாள்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கணினியில் அடுக்குவான். எல்லாவற்றிலும் தேறிய நிலம் பச்சையாகத் தெரியும். அங்கே வீடு கட்டலாம். உயரத்தை அளக்க ஆள்கூடப் போக வேண்டாம். செயற்கைக்கோள் அனுப்பும் அலை கீழே பட்டுத் திரும்புவதை வைத்தே சொல்லிவிடலாம்.

ஐந்து வருடங்களுக்கு முன் இந்த இடம் பச்சையாகத் தெரிந்தது. அவன் கையெழுத்தை நம்பி இருநூறு குடும்பங்கள் வீடு வாங்கின. அக்காவும்தான்.

அப்படியானால் மேடு எங்கே போயிற்று? இடத்தைச் சுத்தம் செய்து கொடுத்த காண்ட்ராக்டர் அக்காவின் கணவர். மண்ணை அள்ளி விற்றுவிட்டார் என்று தம்பியே புகார் எழுதினான். அதை விசாரிக்க அதிகாரி வரும் நேரம். அக்கா புருஷனோடு பேசி நான்கு நாள் ஆகிறது. கட்டில்மேல் அவள் பெட்டி தயாராக இருந்தது.

"எட்டு மீட்டர் மண்ணு அத்தான். எத்தனை லாரி?"

"ஊருக்கே தெரியாம அள்ளிட்டுப் போக நான் என்ன பெருச்சாளியா, மாப்ள?"

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க வேணாம்னு உங்க அத்தான்கிட்டச் சொல்லுடா" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்துக்கொண்டு. "சொந்த வீட்டுக்கே குழி பறிச்ச மகராசன்னும் சொல்லு."

அத்தான் தம்பி பக்கம் திரும்பினார். "தோப்ப வெட்டினேன், வேரப் பிடுங்கினேன், பள்ளத்த மூடினேன். ஒரு கூடை மண்ணு வெளிய போகல. நீ ஒரு நாளாவது வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அதான் படம் இருக்கே!" தம்பி அந்தப் பழைய படத்தைப் பெரிதாக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். "பாருங்க, எவ்வளவு பெரிய மேடு!"

அப்போதுதான் அவன் கண் படத்தின் ஓரத்தில் நின்றது. மேடு என்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து இறங்க வேண்டும். இது செங்கல்லைத் தரையில் வைத்தது போல நான்கு பக்கமும் நேர்க்கோடாக வெட்டி இறங்கியது.

"அத்தான், அந்தத் தோப்பு... சதுரமாவா இருந்துச்சு?"

"ஆமா. ரோட்டுலேர்ந்து வாய்க்கால் வரைக்கும் நூல் பிடிச்ச மாதிரி நட்டிருந்தாங்க. ஏன்?"

தம்பி மடிக்கணினியை மூடினான். வாசலில் ஜீப் வந்து நின்றது. அதிகாரி பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

"புகார் குடுத்தது யாரு? மண்ண எடுத்தது யாரு?"

அத்தான் ஒரு அடி முன்னால் வந்தார். தம்பி அவர் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"யாரும் எடுக்கல சார். இங்க மேடே இருந்ததில்ல. நான் தரைன்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டது, மரத்தோட உச்சிய."