இருபத்தேழாம் நம்பர்

நெவா ஒன்பதாவது ஜீன்ஸின் பின்பைக்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது, யாரோ அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்கள்.

"எடு கையை. என்ன திருடுன?"

கடைக் காவலாளி வெண்டல். ஆறு மாதத்துக்கு முன்புவரை டோலன் தையல் ஆலையில் துணி வெட்டினவன். நெவா அங்கே மற்றவர்கள் தைத்த ஜீன்ஸைச் சரிபார்த்தவள். இப்போது அவனுக்குப் பாதிச் சம்பளம், இடுப்பில் ஒரு வாக்கி டாக்கி.

"புது ஜீன்ஸ் பைக்குள்ள திருட என்ன இருக்கு? காத்துதான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு ஒவ்வொண்ணாத் துழாவுற? அரை மணி நேரமா உன்னைத்தான் பாத்துட்டு நிக்கிறேன். போலீசைக் கூப்பிடவா?"

"கூப்பிடு. அவங்க வர்றதுக்குள்ள இன்னும் நாலு பாத்துடுவேன்." பிடிபடாத கையை அடுத்த ஜீன்ஸுக்குள் விட்டாள்.

வெண்டலின் முகம் சிவந்தது. அவன் கோபம் இன்றைக்கு வந்ததல்ல. ஆலையை மூடுகிறோம் என்று அறிவித்த அன்று முந்நூற்று நாற்பது பேரும் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். மெஷின்களைக் கழற்றிப் பெட்டியில் அடுக்க ஆள் வேண்டும் என்றார் மேலாளர் ஹாஸ்கின்ஸ். தரையில் விழுந்த குண்டூசியைக்கூடப் பொறுக்கி எடுத்து வைக்கச் சொல்கிற அந்த மனிதரிடம், இரண்டு வாரக் கூலிக்கு உள்ளே போனவள் நெவா ஒருத்திதான்.

"கருங்காலி! நாங்க வெயில்ல நின்னு கத்துறோம், நீ உள்ள உக்காந்து ஆணி அடிக்கிற. அன்னிக்கே உன் மூஞ்சில துப்பியிருக்கணும்."

"துப்புனியே. மறந்துட்டியா?"

"இன்னொரு தரம் துப்பியிருக்கணும். சரிபார்க்குற பொம்பளைங்க அத்தனை பேரும் அவங்கவங்க நம்பர் சீட்டுச் சுருளை ஞாபகத்துக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. நீ வெறுங்கையை வீசிக்கிட்டு வந்த. சரிபார்த்தாச்சுன்னு இருபது வருஷமா ஒவ்வொரு ஜீன்ஸ் பையிலயும் போட்ட சீட்டு, அதுகூட உனக்கு வேண்டாம்னு ஆயிடுச்சு."

"அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ண? சுவத்துல ஒட்டி அழவா?"

வெண்டல் சட்டைப்பையிலிருந்து மடித்துக் கிழியத் தொடங்கிய ஒரு கடிதத்தை உருவி அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். வேலை வெளிநாட்டுக்குப் போனதால் தெருவுக்கு வந்தவர்களுக்கு அரசாங்கம் உதவி தரும்: இரண்டு வருடம் வேறு தொழில் படிக்கலாம், அதுவரை வாராவாரம் பணம், மருத்துவக் காப்பீட்டில் ஒரு பங்கு. மூன்று பேர் கையெழுத்திட்டு மனுப் போட்டால் மொத்த ஆலைக்கும் கிடைக்கும். முதல் கையெழுத்து வெண்டலுடையது.

பதில் நாலே வரி. ஆர்டர் குறைந்ததால் ஆலை மூடப்பட்டது; மெஷின்கள் உள்நாட்டிலேயே, ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கிடங்கில் உள்ளன; வேலை வெளிநாடு போனதற்கு ஆதாரமில்லை; மனு நிராகரிக்கப்படுகிறது. கம்பெனி சொன்னதை அப்படியே வாங்கி முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். அந்தக் கிடங்கின் கதவைத் தட்டிப் பார்க்க ஒரு அதிகாரிக்கும் கால் இல்லை.

"மறுபடி கேக்க நாளைக்குச் சாயங்காலம்தான் கடைசி. ஆதாரத்துக்கு நான் எங்க போக? மெஷினைக் கட்டி அனுப்புன உன்னைக் கேட்டா, பெட்டி மேல விலாசமே இல்லைன்னு சொல்ற."

"இல்லைதான். கேட்டா லாரிக்காரனும் வாயைத் திறக்கல."

"என் பொண்டாட்டிக்கு இன்சுலின் வாங்குறதுக்காக ஜீன்ஸுக்குக் காவல் நிக்கிறேன் நான். உனக்கு எல்லாம் விளையாட்டு."

நெவாவின் கை ஒரு பைக்குள் நின்றுவிட்டிருந்தது. வெளியே வந்தபோது விரல் நுனியில் தபால்தலை அளவுக்கு ஒரு வெள்ளைச் சீட்டு.

வெண்டல் அதைப் பிடுங்கினான். 'டோலன் ஆலை. சரிபார்த்தவர்: 27.'

இருபத்தேழு நெவாவின் நம்பர். ஆலையில் அதைத் தெரியாதவர் கிடையாது.

ஜீன்ஸின் இடுப்பைப் புரட்டினான். உள்ளே தைத்திருந்த பட்டையில் போன மாதத் தேதி. அதற்கு மேலே, 'ஹோண்டுராஸில் தயாரானது.'

"அடிப்பாவி!" கடையே திரும்பிப் பார்த்தது. "போன மாசம் தெச்ச ஜீன்ஸ்ல உன் நம்பர்! எங்க வயித்துல அடிச்சது பத்தாதுன்னு அங்கயும் போய் அந்தக் கம்பெனிக்கே வேலை பாத்தியா?"

நெவா அவன் கையிலிருந்து சீட்டை வாங்கி, அதே பைக்குள் பத்திரமாகப் போட்டாள். ஜீன்ஸை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு பணம் கட்டும் இடத்துக்கு நடந்தாள்.

"ரசீதுல தேதி நல்லாத் தெரியுற மாதிரி அடிச்சுக் குடும்மா," என்றாள் அங்கிருந்த பெண்ணிடம்.

பின்னாலேயே வந்த வெண்டல் வழியை மறித்தான். "பதில் சொல்லிட்டுப் போ. ஹோண்டுராஸுக்கு எப்பப் போன?"

"நான் எங்கயும் போகல, வெண்டல். என் சீட்டுச் சுருளைத்தான் மெஷின் பெட்டிக்குள்ள வெச்சு அனுப்புனேன்."