கதவில் பன்னிரண்டு கோடுகள்

பளபளப்பான எதையும் அந்த ஓவியக்காரிக்கு வரையப் பிடிக்காது. பழைய சாமான் கடையில், மழையில் நனைந்து பெயிண்ட் உரிந்து கிடந்த ஒரு கதவைப் பார்த்ததும் கை பரபரத்தது. அதன் ஓரத்தில் யாரோ ஒரு குழந்தையின் உயரத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்திருந்தார்கள். ஏழு கோடுகள். ஏழாவது அவளுடைய இடுப்பளவு இருந்தது.

கதவை வீட்டுச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, உரிந்த செதில் ஒன்றுகூட விடாமல் வரைந்தாள். மறுநாள் காலையில் சரிபார்த்தபோது படத்தில் ஏழு கோடுகள் இருந்தன, கதவில் எட்டு.

"கண்ணாடிய மாத்துன்னு எத்தன தடவ சொல்றது?" என்றார் கணவர்.

எட்டாவதையும் வரைந்தாள். அடுத்த நாள் ஒன்பது. வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் கிடையாது. அவளுடைய ஓவியக் கண்காட்சிக்கு இரண்டே நாள் இருக்கும்போது கோடுகள் பன்னிரண்டு ஆகியிருந்தன. அவள் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதானே விளையாடுறீங்க? உண்மையச் சொல்லுங்க."

"எனக்கு வேற வேலை இல்லையா?" சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார் அவர்.

பன்னிரண்டாவது கோடு ஏறக்குறைய அவள் உயரத்துக்கு வந்திருந்தது. சரிபார்க்கலாமென்று கதவில் முதுகை ஒட்டி நின்றாள். சின்ன வயதுப் பழக்கம், குதிகால்கள் தாமாகவே எழும்பின.

உச்சந்தலையில் ஸ்கேல் ஒன்று மெதுவாகப் படிந்தது. சமையலறையில் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கேல் அசையாமல் காத்திருந்தது.

திருட்டுத்தனம் பிடிபட்ட பிள்ளையைப்போல அவள் குதிகால்களைக் கீழே இறக்கினாள். அதன் பிறகுதான் பென்சில் கீறியது.