மூன்றாவது விசில்

ஓடுபாதையை ஒட்டிய தெருவில், மரகதம் வீட்டுக் குக்கருக்கு ஒரே கவலைதான். மூன்று விசிலில் அடுப்பை அணைப்பது மரகதத்தின் வழக்கம். அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் விமானம் போகும். ஒரு விசில் அவள் காதில் விழாது. சோறு குழைந்துவிடும். திட்டு குக்கருக்கு.

“இனி விமானம் போகிறவரை மூச்சைப் பிடித்துக்கொள்ளப் போகிறேன்,” என்றது குக்கர், சுவரில் தொங்கிய கரண்டியிடம். சொன்னபடியே வெயிட் நடுங்க நடுங்க ஆவியை அடக்கி, சத்தம் ஓய்ந்தபிறகே விசிலடித்தது. சோறு உதிரி உதிரியாக வந்தது.

அந்த வாரம் பக்கத்து வீட்டு ஜெசிந்தா, விமானச் சத்தத்தை எதிர்த்து ஒரு மனுவோடு வந்தாள். “தெருவே கையெழுத்துப் போட்டாச்சு. நீதான் பாக்கி.”

“இப்பல்லாம் அவ்வளவா சத்தம் இல்லையேக்கா,” என்றாள் மரகதம்.

கரண்டி கலகலவென்று சிரித்தது. “மூச்சைப் பிடிச்சது நீ. நல்ல பேரு விமானத்துக்கு!”

குக்கருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் விமானம் கூரையை உரசுவதுபோல் வந்தபோது அது எதையும் அடக்கவில்லை. இரைச்சலுக்கு நடுவிலேயே மூன்றாவது விசிலை அடித்தது.

மூடியைத் திறந்தால் உள்ளே கூழ். “சனியனே!” என்று மரகதம் குக்கரை ஓங்கித் தட்டினாள். அந்தச் சொல்லையும் அடுத்த விமானம் விழுங்கியது. அவள் அண்ணாந்து பார்த்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வாசலுக்கு ஓடினாள்.

“ஜெசிந்தாக்கா, அந்த மனுவைக் கொண்டாங்க!”